வேலி மேல் உட்கார்ந்திருப்பது புலிக்குட்டி இல்லை: பாப்கேட் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அம்மா ஊரிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருக்கும். தூக்கம் இன்னும் இந்த ஊர் நேரத்துக்குப் பழகவில்லை, அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து காபி டம்ளரோடு சமையலறை ஜன்னல் பக்கம் நிற்பார். அன்றைக்கு ஆறே முக்காலுக்கு என்னை எழுப்பிய குரலில் பயம் பாதி, குஷி பாதி. "டேய், இங்க வந்து பாரு, வேலி மேல புலிக்குட்டி ஒண்ணு உக்காந்துருக்கு!"

எங்கள் வீடு டாலஸின் வடக்குப் புறநகரில் இருக்கிறது. பின்னால் ஆறடி மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னும் வீடுகள். புலி வர வழியே இல்லை. போய்ப் பார்த்தால், கை அகலம்கூட இல்லாத பலகை விளிம்பில் நான்கு காலையும் ஒடுக்கி வைத்துக்கொண்டு, நான் வெந்தயக்கீரை போட்டிருந்த பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது. கீரை மேல் அதற்கு என்ன ஆசை, கீரையைத் தின்ன தினமும் வரும் முயல் மேல்தான் கண். எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, பெரிய சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியதுபோல் மறுபடி பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டது. அது பாப்கேட்.

அமெரிக்காவில் வீடு வாங்கிப் புறநகருக்குப் போகும் நம்மவர்களில் பலர் இதை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பார்க்கத்தான் போகிறீர்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் மங்கலாக ஒரு படம் வரும். கீழே வரிசையாக "சிறுத்தையா?", "911 கூப்பிட்டாச்சா?", "குழந்தைகளை வெளியே விடாதீங்க" என்று பதறுவார்கள், நடுவில் ஒருவர் மட்டும் "சோ க்யூட், கொஞ்சம் பால் வைக்கலாமா?" என்பார். இரண்டு தரப்புமே தப்பு என்பது என் கட்சி. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது என்ன பூனை

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். சின்ன வயதில் பாப் கட்டிங் வெட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். 'பாப்' என்றால் குட்டையாகக் கத்தரித்தது, இந்தப் பூனைக்குக் கத்தரித்தது வால். பத்து முதல் இருபது சென்டிமீட்டர்தான் இருக்கும், யாரோ பாதியில் வெட்டிவிட்டதுபோல. லிங்க்ஸ் என்கிற இனத்தில் உலகத்தில் நான்கே வகைதான் இருக்கின்றன: ஐரோப்பா, ஆசியாவில் ஒன்று, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் ஒன்று, கனடா லிங்க்ஸ் ஒன்று, நான்காவது இந்தப் பாப்கேட். தெற்குக் கனடாவில் தொடங்கி மெக்சிகோ வரை பரவிக் கிடக்கிறது. அலாஸ்கா, ஹவாயை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் 48 மாநிலங்களில் டெலவேர் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு.

நம் ஊரில் கரும்புத் தோட்டத்திலும் ஏரிக்கரைப் புதரிலும் திரியும் காட்டுப்பூனையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாடை கொஞ்சம் பழக்கப்பட்டதாகவே இருக்கும். அதற்கும் வால் சற்றுக் குட்டை, காது நுனியில் கொஞ்சம் முடி. பழைய தமிழில் வெருகு என்பார்கள், நல்ல சொல், வழக்கில் விட்டுவிட்டோம். ஆனால் உறவுமுறையில் அது நம் வீட்டுப் பூனைக்குப் பங்காளி, பாப்கேட் வேறு கிளை.

பார்ப்பவர்கள் எல்லாரும் இதன் எடையை இரண்டு மூன்று மடங்கு கூட்டித்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "குறைஞ்சது முப்பது கிலோ இருக்கும்" என்று சத்தியம் பண்ணுவார். உண்மையில் பெண் பாப்கேட் சராசரியாக ஏழு கிலோ சுமார், ஆண் பத்து கிலோ சுமார், பெரிய ஆண் சில சமயம் அதற்கு மேலும் போகும். வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் நீளம், அதிலும் பின்னங்கால் முன்னங்காலைவிட நீளம், முகத்தைச் சுற்றிக் கிருதா மாதிரி முடி, இதெல்லாம் சேர்ந்துதான் பெரிய மிருகமாகக் காட்டுகிறது.

அடையாளம் பார்க்க எனக்குப் பிடித்த இடம் காதின் பின்பக்கம். கறுப்பாக இருக்கும், நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. வாலின் நுனி மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. கனடா லிங்க்ஸுக்கு வால் நுனி சுற்றிலும் கறுப்பு, ஆனால் அது பனி கொட்டும் வடக்கிலும் உயர்ந்த மலைகளிலும்தான், டெக்ஸாஸில் குழம்ப வேண்டியதில்லை. கலிஃபோர்னியாக்காரர்கள் குழம்புவது மலைச் சிங்கத்தோடு, அதாவது பூமாவோடு. அதற்கும் வாலே போதும்: பூமாவின் வால் முக்கால் மீட்டர் வரை நீண்டு தரையைத் தொடுவதுபோல் தொங்கும், வளர்ந்த ஆண் ஐம்பது அறுபது கிலோ இருக்கும். ஒரே ஒரு சிக்கல், பூமாக் குட்டிக்கும் உடம்பில் புள்ளி உண்டு, அதனால் புள்ளியை வைத்து முடிவு கட்டாதீர்கள். வாலைப் பாருங்கள்.

வழி தவறி வந்ததா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுதான்: உங்கள் வேலி மேல் உட்கார்ந்திருக்கும் பாப்கேட் எங்கிருந்தோ தப்பி வந்து வழி தெரியாமல் முழிக்கவில்லை. அது அங்கேதான் குடியிருக்கிறது. நீங்கள் இன்றைக்குத்தான் பார்த்தீர்கள், அது உங்களை எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ.

ஒவ்வொரு பாப்கேட்டுக்கும் சுற்றித் திரிய ஒரு வட்டாரம் உண்டு. ஆணுடையது பெரிது, அதற்குள் இரண்டு மூன்று பெண்களின் சின்ன வட்டாரங்கள் அடங்கியிருக்கலாம். எல்லைக்கு அடையாளம் சிறுநீர், எச்சம், மரத்தில் நகக் கீறல். காட்டில் இரை குறைவாக இருக்கும் இடத்தில் இந்த வட்டாரம் பல பத்துச் சதுர கிலோமீட்டர் வரை போகும், நகரத்தை ஒட்டிய இடத்தில் சில சதுர கிலோமீட்டரோடு சுருங்கிவிடும், காரணம் சாப்பாடு கிட்டக் கிட்டக் கிடைக்கிறது. புறநகரை அதன் கண்ணால் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சிப் பச்சையாக வைத்த புல்தரை, அதைத் தின்னக் கொழுத்த முயல்கள், வீட்டுக்கு வீடு பறவைத் தீனித் தொங்கல், அதிலிருந்து சிந்தும் விதைக்கு எலியும் அணிலும் புறாவும், மறைந்து நடக்க ஓடை, தெருவுக்கு அடியில் கடக்க மழைநீர்க் குழாய், பகலில் படுக்க டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத் தளம்) அடியில் நிழல். வேட்டை நாயும் துப்பாக்கியும் கிடையாது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

2014-ல் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில், நெருக்கமாக வீடுகளும் நெடுஞ்சாலைகளும் உள்ள பகுதியில், பாப்கேட்டுகளைப் பிடித்து ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி ஓர் ஆய்வு நடந்தது. டெக்ஸாஸ் வனவிலங்குத் துறையும் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. அவை ஊருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை, ஊருக்குள்ளேயேதான் வாழ்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய சான்டா மோனிகா மலைப்பகுதியில் தேசியப் பூங்காத் துறை 1996-லிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது, அரிசோனாவில் டூசான் நகரத்திலும் தனியாக ஓர் ஆய்வு உண்டு. நகரத்துப் பாப்கேட் என்பது விதிவிலக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மட்டும் 23 லட்சத்திலிருந்து 35 லட்சம் வரை இருக்கும் என்று 2010-ல் ஒரு மதிப்பீடு வந்தது. ஒரு காலத்தில் கோழி திருடும் பூனை என்று தலைக்கு விலை வைத்துக் கொன்றார்கள். 1970-களில் உலகெங்கும் சிறுத்தை, புலித் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் ரோமக் கோட்டுக்காரர்கள் பார்வை இதன் தோல் பக்கம் திரும்பியது. பிறகு சர்வதேச வணிகக் கட்டுப்பாடும் மாநில விதிகளும் வந்து எண்ணிக்கை மெல்ல மீண்டது. ஆக, "முன்னெல்லாம் இல்லையே, இப்போ எப்படி வந்துச்சு?" என்கிற கேள்விக்குப் பதில் பாதி இது. மீதிப் பாதி, இப்போது எல்லார் வீட்டு வாசலிலும் கேமரா இருக்கிறது.

பகலில் வந்தால் நோயா?

இல்லை. நிறையப் பேர் இதில்தான் பயப்படுகிறார்கள். பாப்கேட் முழு இரவுப் பிராணி கிடையாது, அந்தி சாயும் நேரமும் விடியற்காலையும்தான் அதற்கு உச்ச வேளை, அதாவது நாம் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் நேரம். குளிர்காலத்திலும், குட்டி போட்ட தாய்க்குப் பசி கூடுதலாக இருக்கும் மாதங்களிலும், நண்பகலில்கூட நடமாடும். நோய்க்கு அடையாளம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, சத்தம். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடுராத்திரியில் யாரோ ஒரு பெண் அலறுவதுபோல் கேட்டால், போலீஸைக் கூப்பிடுமுன் ஒரு நிமிடம் காது கொடுங்கள். ஜோடி சேரும் பருவத்தில் இவை போடும் கூச்சல் அப்படித்தான் இருக்கும். மற்ற நாளில் வாயே திறக்காது.

எதிரே பார்த்துவிட்டால்

பாப்கேட் மனிதனை இரையாகப் பார்ப்பதில்லை. பத்து கிலோப் பூனைக்கு நாம் அறுபது எழுபது கிலோ உருவம். அது முறைத்துப் பார்ப்பதும் ஓடாமல் நிற்பதும் தாக்கப்போகிறது என்று அர்த்தமில்லை, பூனைப் புத்தி அது, எதையும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும். எந்த ஊர்ப் பூனை கூப்பிட்டதும் வந்து, விரட்டியதும் போயிருக்கிறது?

சரி, என்ன செய்வது. ஓடாதீர்கள். சின்னக் குழந்தை பக்கத்தில் இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள், சின்ன நாய் இருந்தாலும் தூக்கிக்கொள்ளுங்கள், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போக ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள், நீங்களே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றால் அது எந்தப் பக்கம்தான் போகும்? தூரத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம், நின்று பாருங்கள், எல்லாருக்கும் வாய்க்காத காட்சி.

ஆனால் அது உங்கள் பேட்டியோவில் வந்து படுத்துக்கொண்டு, குழந்தைகளின் சறுக்குமர நிழலைத் தன் படுக்கையறை ஆக்கிக்கொண்டால் விடக் கூடாது. இங்கேதான் அந்தப் "பால் வைக்கலாமா" ஆள் வருகிறார். காட்டு விலங்கு மனிதனோடு பழகுவதில் இரண்டு படி உண்டு. முதல் படி, நாம் நடமாடுவதைக் கண்டு பதறாமல் இருப்பது. ஊருக்குள் வாழும் பாப்கேட்டுக்கு இது இருந்தே தீரும், இல்லாவிட்டால் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதில் ஆபத்து இல்லை. இரண்டாவது படி, மனிதன் என்றால் சாப்பாடு என்று கற்றுக்கொள்வது. ஒரு தட்டுப் பாலோ கோழித்துண்டோ வைத்தவர் வீட்டில் அது கற்றுக்கொண்ட பாடத்தைப் பக்கத்து வீட்டில், நாலு வயதுப் பிள்ளை முன்னால், சோதித்துப் பார்க்கும். பிறகு யாராவது புகார் கொடுப்பார்கள், கடைசியில் உயிரை விடப்போவது அந்தப் பூனை. தீனி வைத்தவர் அடுத்த வாரம் வேறு ஏதாவது படம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

அதனால், வீட்டு ஓரத்தில் தங்க ஆரம்பித்தால் கொஞ்சம் அவமரியாதையாக நடத்துங்கள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள், உரக்கக் கத்துங்கள், தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஆள் அசைந்தால் தானாகத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்க்ளர் கடையில் கிடைக்கும், அது நன்றாகவே வேலை செய்கிறது, பேப்பர் போடுகிற பையனையும் ஒரு தடவை நனைத்தது வேறு கதை. கராஜுக்குள் வந்து மாட்டிக்கொண்டால் கதவை முழுக்கத் திறந்துவிட்டு எல்லாரும் தள்ளிப் போய்விடுங்கள், இருட்டியதும் போய்விடும். மூலையில் முடக்கி விரட்டக் கூடாது.

நாய், பூனை, கோழி வைத்திருப்பவர்களுக்கு

இவர்களுக்குத்தான் உண்மையான கவலை. வீட்டுப் பூனை, குட்டை நாய், கோழி, கூண்டு முயல் எல்லாம் பாப்கேட்டின் கணக்கில் முயல் அளவுதான். அதன் அன்றாடச் சாப்பாடு முயல், எலி, அணில், பறவை, எப்போதாவது மான்குட்டி என்றாலும், கண்ணெதிரே கிடைப்பதைத் தவிர்க்க அதற்கு என்ன காரணம் இருக்கிறது? ஆறடி வேலி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வேலி அதற்கு நடைபாதை, பத்தடி உயரம் எளிதாகத் தாவும். கோழிக்கூண்டுக்கு மேல்கூரை இல்லாவிட்டால் கூண்டே இல்லை என்று அர்த்தம். கோழிவலைக் கம்பியும் போதாது, கெட்டியான கம்பிவலையாக, அடியிலும் கொஞ்சம் புதைத்துப் போடுங்கள். சின்ன நாயை அந்தி நேரத்தில் பேக்யார்டில் தனியாக விட்டுவிட்டு உள்ளே சீரியல் பார்க்க உட்காராதீர்கள், கூட நில்லுங்கள், பெரிய நாயென்றால் அவ்வளவு கவலை இல்லை.

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. டெக்ஸாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா, மிசௌரி என்று தெற்கு மத்திய மாநிலங்களில் சைட்டாக்ஸூன் என்றொரு ரத்த ஒட்டுண்ணி உண்டு. பாப்கேட் அதைச் சுமந்துகொண்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கடித்த உண்ணி அடுத்து வீட்டுப் பூனையைக் கடித்தால், பூனைக்குக் கடுங்காய்ச்சல் வந்து சில நாளில் செத்துப்போகும் அளவுக்கு மோசமாகலாம். நமக்கும் நாய்க்கும் வராது. பாப்கேட் உங்கள் பூனையைத் தொடவே வேண்டாம், அது நடந்துபோன புல்லில் இருக்கும் உண்ணியே போதும்.

எலி மருந்து விவகாரம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் பாப்கேட் நமக்குச் செய்யும் கெடுதலைவிட நாம் அதற்குச் செய்யும் கெடுதல் பெரிது, அதுவும் தெரியாமலே செய்கிறோம்.

வீட்டில் எலி என்றதும் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவோம், அவர் சுவரோரம் கறுப்புப் பெட்டி வைத்துவிட்டுப் போவார். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்து. காயம் பட்டால் ரத்தம் உறைய உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும், இந்த மருந்து அந்த வைட்டமினை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைத் தடுத்துவிடும், அப்புறம் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். ஆனால் தின்ற உடனே எலி சாகாது, பல நாள் எடுக்கும். அந்த நாட்களில் அது மறுபடி மறுபடி வந்து தின்னும், உடம்பு முழுக்க மருந்தைச் சேர்த்துக்கொண்டு, தள்ளாடி, பட்டப்பகலில் திறந்தவெளியில் மெதுவாக நடக்கும். வேட்டையாடுகிற பூனைக்கு இதைவிடச் சுலபமான இரை உண்டா? இரண்டாம் தலைமுறை மருந்துகள் என்று சொல்லப்படும் புரோடிஃபாகூம், புரோமாடியோலோன் போன்றவை ஈரலில் மாதக்கணக்கில் தங்கிவிடும், அதனால் ஓர் எலியில் போகாவிட்டாலும் பத்து எலியில் சேர்ந்துகொண்டே போகும்.

சான்டா மோனிகா மலைப்பகுதியில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பாப்கேட்டுகளுக்குப் பயங்கரமான சொறி நோய் வந்தது, நோட்டோயிட்ரஸ் என்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. முகம், கழுத்தில் முடி கொட்டி, தோல் தடித்து வெடித்து, எலும்பும் தோலுமாகி நிறையச் செத்தன. சொறி வந்து செத்தவற்றைச் சோதித்தபோது உடம்பில் எலி மருந்து. நேரடியாக ரத்தக் கசிவில் சாகாதவற்றுக்கும் மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துவிடுகிறது, அப்போது சாதாரண சொறிப்பூச்சி எமனாகிவிடுகிறது என்பது பின்னால் ரத்த மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. கலிஃபோர்னியா 2020-ல் சட்டம் போட்டு, 2021 ஜனவரியிலிருந்து இரண்டாம் தலைமுறை எலி மருந்துகளைப் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை செய்தது. இந்தப் பூனைகளும் அதே பகுதியின் பூமாக்களும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நான் என்ன செய்தேன் என்றால், மாதச் சந்தாவில் இருந்த எலிப்பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். கராஜ் ஓட்டைகளை இரும்பு நார் திணித்து அடைத்தேன், அரிசி மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து மூடிபோட்ட டப்பாவில் கொட்டினேன், இரண்டு ஸ்னாப் பொறி வைத்தேன். பறவைத் தீனித் தொங்கலை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை எடுக்க மனம் வரவில்லை, அடியில் சிந்துவதை மட்டும் தினம் பெருக்கச் சொன்னேன். பெருக்குகிறார், ஆனால் பெருக்கியதை வேலியோரம் கொட்டுகிறார். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

கடித்தால், நோய் இருந்தால்

அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் வட கரோலினாவின் பர்கா என்ற சிற்றூரில் ஒரு தம்பதி காலையில் காரில் ஏறப் போகும்போது ஒரு பாப்கேட் ஓடிவந்து மனைவி மீது பாய்ந்தது, கணவர் அதைப் பிடித்து இரண்டு கையாலும் தூக்கிப் புல்தரையில் வீசினார். வாசல் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள், சிரித்துமிருப்பீர்கள். அந்தப் பூனையைச் சோதித்ததில் ரேபிஸ் உறுதியானது, இருவரும் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். பாப்கேட் காரணமில்லாமல் மனிதன்மேல் பாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேபிஸைத்தான். இந்த நாட்டில் ரேபிஸ் பெரும்பாலும் வௌவால், ஸ்கங்க், ரக்கூன், நரி இவற்றில் சுற்றிவருவது, அவற்றிடமிருந்து கடி வாங்கிய பாப்கேட்டுக்கும் தொற்றும்.

ஆக, கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்: நடை தள்ளாடுவது, எச்சில் வடிவது, கத்தியும் தண்ணீர் அடித்தும் விலகாமல் நம்மை நோக்கியே வருவது, எதையெல்லாமோ கடிப்பது. முகத்தில் முடி கொட்டித் தோல் வெடித்துச் சோர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் சொறி. இரண்டிலுமே கிட்டப் போகாதீர்கள், நகரத்து அனிமல் கண்ட்ரோலுக்கோ மாநில வனவிலங்குத் துறைக்கோ போன் செய்யுங்கள். 911 என்பது யாரையாவது தாக்கினால், தாக்கவே வந்தால் மட்டும். வேலி மேல் உட்கார்ந்திருப்பதற்கு இல்லை.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சோப்பும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவுங்கள், கழுவிய கையோடு எமர்ஜென்சிக்குப் போங்கள். மஞ்சள் வைப்பது, காபித்தூள் வைப்பது எல்லாம் வேண்டாம். முன்பு தடுப்பூசி போடாதவர் என்றால் காயத்தில் இம்யூனோகுளோபுலின் என்கிற உடனடி எதிர்ப்பு மருந்து, கூடவே தடுப்பூசி முதல் நாள் ஒன்று, அதிலிருந்து 3, 7, 14 நாள் கழித்து ஒவ்வொன்று என்று நான்கு. அறிகுறி வந்தபின் ரேபிஸுக்கு மருந்து இல்லை என்பதை நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குட்டிகள்

சுமார் இரண்டு மாதக் கர்ப்பம், வசந்தத்தில் இரண்டு முதல் நான்கு குட்டி. புதர், பாறை இடுக்கு, டெக்குக்கு அடி, யாரும் திறக்காத ஷெட். தாய் மட்டும்தான் வளர்க்கும், தகப்பனுக்கு இதில் வேலை இல்லை. இரை தேடிப் போகும்போது குட்டிகளைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போகும், அதைப் பார்த்து "ஐயோ அநாதை" என்று தூக்கிவராதீர்கள். சில வருடங்களுக்கு முன் டெக்ஸாஸில் சான் ஆன்டோனியோ பக்கம், வீட்டில் வளர்க்கும் பெங்கால் வகைப் பூனைக்குட்டிகள் என்று நினைத்துப் பாப்கேட் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாட்டிலில் பால் கொடுக்கப் போய்க் கடி வாங்கியிருக்கிறார்கள். பூனைக்குட்டி மாதிரியே இருக்கும், ஏமாறுவது சுலபம். குட்டை வாலும் புள்ளியும் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் டெக்குக்கு அடியிலேயே போட்டுவிட்டால்? முடிந்தால் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். தாய் குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிடும். எல்லாரும் போய்விட்டது உறுதியானபின் அடியைக் கம்பிவலை போட்டு அடையுங்கள். உறுதியாகாமல் அடைத்தால் உள்ளே குட்டிகள் மாட்டிக்கொள்ளும், தாய் உங்கள் டெக்கைப் பிய்த்தெடுக்கும், தப்பு அதன் மேல் இல்லை.

"பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாமே" என்று ஒவ்வொரு தடவையும் ஒருவர் சொல்வார், நல்ல மனசுதான். காலியான வட்டாரத்துக்குக் கொஞ்ச நாளில் வேறொரு பாப்கேட் குடிவரும், ஏனென்றால் முயலும் எலியும் அங்கேயேதான் இருக்கின்றன. கொண்டுபோய் விட்ட இடத்தில் ஏற்கெனவே வேறொன்றின் ஆட்சி நடக்கும், இது தண்ணீர் எங்கே இரை எங்கே என்று தெரியாமல் அலைந்து, பழைய இடத்துக்குத் திரும்பும் வழியில் சாலையில் அடிபடும். கலிஃபோர்னியாவில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கை இடம் மாற்றி விடுவதே சட்டப்படி குற்றம், உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று விசாரிக்காமல் பொறி வாடகைக்கு எடுக்காதீர்கள்.

அம்மா ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆறு மாதத்தில் அதை எட்டோ ஒன்பதோ தடவை பார்த்தோம், ஒருமுறை பின்னால் இரண்டு குட்டிகளோடு ஓடைப் பக்கம். போன வருடம் முயல்கள் மிச்சம் வைத்தது வெறும் காம்புதான். இந்த வருடம் வெந்தயக்கீரை மூன்று முறை அறுத்தோம். போன வாரம் போனில் பேசும்போது என் உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்பே, "அந்த மொட்டவால் வந்துச்சா?" என்றார்.